'ரைட்' என்ற ஆங்கிலச் சொல்: ஒலி, பொருள், பிறப்பு – முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் 'ரைட்' என்று ஒருவர் சொன்னால் தமிழில் அதற்கு என்ன பொருள்? இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சரி, வலது, உரிமை, நியாயம், நேர், உடனே என்று எதுவாகவும் இருக்கலாம். அகராதியைத் திறந்தால் இந்தப் பொருள்கள் எண் போட்டு வரிசையாக நிற்கும், ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போல. அப்படியே மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பாதியில் சலித்துவிடும்.

மனப்பாடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இத்தனை பொருளும் 'நேர்' என்ற ஒரே எண்ணத்திலிருந்து கிளைத்தவை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வந்து சேரும். தமிழ் தெரிந்தவருக்கு இது இன்னும் எளிது. 'நேர்' என்பதிலிருந்து 'நேர்மை' என்ற சொல்லை உண்டாக்கிய மொழியில்தானே நாம் சிந்திக்கிறோம்.

படிப்படியாகப் போவோம். முதலில் ஒலி, அப்புறம் எழுத்து, அதன் பின் வேர், பொருள்கள், கடைசியில் வாக்கியத்தில் வைக்கும் முறை.

படி 1: ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இந்தச் சொல்லில் காதுக்குக் கேட்பவை மூன்றே ஒலிகள்: ர், ஐ, ட். மூன்றுமே தமிழ் எழுத்துகளோடு கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் முழுக்கப் பொருந்தாது.

முதலில் 'ர்'. தமிழ் 'ர'வுக்கு நாக்கு நுனி மேலே ஒருமுறை தட்டும். 'ற'வுக்கு உருளும். ஆங்கிலத்தின் 'ஆர்' ஒலிக்கு நாக்கு நுனி எதையும் தொடக் கூடாது. நாக்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உதடுகளை லேசாகக் குவித்து, அந்த நிலையிலேயே குரல் கொடுங்கள். தொட்டுவிட்டால் அது தமிழ் 'ர' ஆகிவிடும். புரியாமல் போகாது, ஆனாலும் வேறுபாடு கேட்கும்.

அடுத்து 'ஐ'. வாயைத் திறந்து 'ஆ'வில் தொடங்கி 'இ'யை நோக்கி வழுக்க வேண்டும். தமிழில் சொல்லின் நடுவில் 'ஐ' குறுகி 'அ' போல ஒலிப்பது உண்டு. இங்கே அப்படிக் குறுக்கக் கூடாது.

கடைசி 'ட்'தான் நமக்குக் கொஞ்சம் சிக்கல். தமிழ் 'ட்' சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். 'த்' சொன்னால் பல்லைத் தொடும். ஆங்கில 'டி' இரண்டுக்கும் நடுவில், மேல்பல்லுக்குப் பின்னே உள்ள ஈற்று மேட்டில் பிறக்கிறது. பழந்தமிழில் 'ற்ற' பிறந்த இடமும் அதுதான். ஈழத்தமிழர்கள் இதே ஒலியை 'ற்' என்று எழுதி, 'இன்ரநெற்' போன்ற சொற்களை ஆக்கிக்கொண்டது ஒலியளவில் மிகப் பொருத்தமான முடிவு.

இன்னும் இரண்டு குறிப்பு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் நாம் பழக்கத்தில் ஓர் உகரம் சேர்த்து 'ரைட்டு' என்கிறோம். ஆங்கிலம் பேசும்போது அந்த உகரத்தை விட்டுவிடுங்கள். வேகப் பேச்சில் ஆங்கிலேயர்கள் அந்த 'ட்'டையே பாதியில் நிறுத்திவிடுவார்கள். 'ரைட் நவ்' என்பதில் அது வெடித்து வெளியே வராது.

இரண்டாவது, உயிரொலியின் நீளம். சவாரி செய்வதைக் குறிக்கும் 'ரைட்' என்ற சொல்லும் தமிழ் எழுத்தில் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது 'டி, இ' என முடியும் சொல், கடைசியில் குரலுள்ள மெல்லிய 'ட்'. அதற்கு முன்னால் வரும் 'ஐ' நீளும். நம் சொல்லில் 'ஐ' சட்டென்று வெட்டுப்படும். ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது, கடைசி மெய்யைவிட இந்த நீளத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது.

படி 2: ஒலிக்காத இரண்டு எழுத்துகளைப் புரிந்துகொள்ளுங்கள்

எழுத்துக்கூட்டல்: ஆர், ஐ, ஜி, எச், டி. இதில் 'ஜி'யும் 'எச்'சும் ஏன் சும்மா நிற்கின்றன என்று கேட்காத மாணவர் இருக்க முடியாது. அவை ஒரு காலத்தில் ஒலித்தவை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரிஹ்ட்'. நடுவில் வந்த 'ஹ்', காற்று அண்ணத்தில் உரசி வரும் ஒலி. நம் ஆய்த எழுத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த ஒலி கிடைக்கும். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் இந்த உரசொலியைக் காட்ட மெல்ல மெல்ல 'ஜி, எச்' என்ற இரட்டையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறையத் தொடங்கியது. பேச்சு உறையவில்லை. 15-ஆம் நூற்றாண்டுக்கும் 17-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அந்த உரசொலி தேய்ந்து மறைந்தது. மறையும்போது முன்னால் இருந்த 'இ'யை நீட்டிவிட்டுப் போனது: 'ரிஹ்ட்' என்பது 'ரீட்' ஆனது. அதே காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. மொழியியலாளர்கள் இதைப் பெரும் உயிரொலி மாற்றம் என்பார்கள். அந்த மாற்றத்தில் 'ஈ' எல்லாம் 'ஐ' ஆனபோது 'ரீட்' என்பதும் 'ரைட்' ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் இன்றைக்கும் 'ரிஹ்ட்' என்று உரசொலியோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஒரு வரலாறு உங்களுக்கு ஒரு கூட்டம் சொற்களைத் திறந்துவிடும். நைட், லைட், மைட், சைட், ஃபைட், பிரைட் எல்லாமே இதே வழியில் வந்தவை. ஒன்றை மட்டும் விலக்கிவிடுங்கள்: மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்'. அது பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் உரசொலி இருந்ததே இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் 'லைட்' என்ற சொல்லைப் பார்த்து யாரோ சேர்த்த 'ஜி, எச்' அப்படியே ஒட்டிக்கொண்டது.

படி 3: வேருக்குப் போங்கள்

ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதம், பாரசீகம் முதலியவற்றுக்கும் பொதுவாக ஒரு தாய்மொழி இருந்தது. எழுத்தில் அது கிடைக்கவில்லை. கிளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் மொழியியலாளர்கள் அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்டெடுத்த வேர்களில் ஒன்று 'ரெக்'. பொருள்: நேராக்கு, நேராகச் செலுத்து.

அந்த வேர் ஜெர்மானியக் கிளைக்குப் போய் ஆங்கிலத்தில் 'ரைட்', ஜெர்மனிலும் டச்சிலும் 'ரெஹ்ட்' ஆனது. இலத்தீனுக்குப் போய் 'ரெக்டஸ்' ஆனது, அதாவது நேரான. 'கரெக்ட்', 'டைரக்ட்', 'ரெக்டாங்கிள்' மூன்றும் அந்த இலத்தீன் கிளையின் பிள்ளைகள். ஆக 'ரைட்' என்பதும் 'கரெக்ட்' என்பதும் ஒரே வேரின் இரண்டு தளிர்கள். ஒன்று ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, மற்றது இலத்தீன் வழியாகத் திரும்பி வந்தது. சமஸ்கிருதத்தில் 'ருஜு' என்றால் நேர்.

இலத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரேக்ஸ்' என்ற சொல்லும் இதே வேர்தான். சமஸ்கிருத 'ராஜா'வையும் பெரும்பாலான மொழியியலாளர்கள் இதோடுதான் சேர்க்கிறார்கள். நேராக நடத்திச் செல்பவன் அரசன். கோடு போடும் நேர்ச்சட்டத்துக்கு இலத்தீனில் 'ரேகுலா' என்று பெயர், அதிலிருந்துதான் 'ரூல்' வந்தது. ஆங்கிலத்தில் 'ரூலர்' என்றால் ஆள்பவரும் ஆகும், அளவுகோலும் ஆகும்.

இதைப் படிக்கும்போது தமிழருக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்தே ஆக வேண்டும்: செங்கோல். செம்மையான, அதாவது நேரான கோல், நல்லாட்சி. வளைந்த கோல் கொடுங்கோல். இந்தோ-ஐரோப்பிய வேருக்கும் தமிழுக்கும் இங்கே இரத்த உறவு இல்லை. இரண்டு மொழிக் குடும்பங்களும் தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

போகிற போக்கில் ஓர் உத்தி. இலத்தீனில் 'க்ட்' வரும் இடத்தில், ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் 'ஜி, எச், டி' வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம். 'ரெக்ட்' எதிரே 'ரைட்'. இரவைக் குறிக்கும் 'நாக்ட்' ('நாக்டர்னல்' என்பதில் இருப்பது) எதிரே 'நைட்'. எட்டைக் குறிக்கும் 'அக்டோ' எதிரே 'எய்ட்'. பழைய ரோமானிய நாட்காட்டியில் அக்டோபர் எட்டாவது மாதம்.

படி 4: பொருள்களை ஒரே நூலில் கோத்துவையுங்கள்

முதல் பொருள் வடிவத்தில் நேர். கணிதத்தில் 90 பாகைக் கோணத்தை 'ரைட் ஆங்கிள்' என்கிறோம். இதில் வலதுபக்கத்துக்கு வேலையே இல்லை. நிமிர்ந்து நேராக நிற்கும் கோணம், அவ்வளவுதான். தமிழில் அதைச் 'செங்கோணம்' என்று சொன்னவர்கள் அதே எண்ணத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்பது 'அப்ரைட்'. அந்தச் சொல் நேர்மையான மனிதரையும் குறிக்கும்.

அடுத்தது, வழியில் நேர். எங்கும் விலகாமல் நேராகப் போனால் குறித்த இடத்திலேயே போய் நிற்போம். இதிலிருந்துதான் 'ரைட் ஹியர்', 'ரைட் நவ்', 'ரைட் இன் த மிடில்', 'ரைட் அவே' எல்லாம் வந்தன. இந்த 'ரைட்'டை மொழிபெயர்க்கப் பலரும் தடுமாறுவார்கள். தமிழில் இதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. நம் ஏகாரமே போதும். 'ஹியர்' என்றால் இங்கே, 'ரைட் ஹியர்' என்றால் இங்கேயே. 'நவ்' இப்போது, 'ரைட் நவ்' இப்போதே. 'இன் த மிடில்' நடுவில், 'ரைட் இன் த மிடில்' நட்டநடுவிலேயே. தமிழில் ஏகாரம் போட்டு அழுத்த நினைக்கும்போது ஆங்கிலத்தில் இடம் அல்லது காலச் சொல்லுக்கு முன்னால் 'ரைட்' வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

இதே அழுத்தப் பொருளில் ஒரு காலத்தில் ஆங்கிலம் இதை 'மிகவும்' என்றும் பயன்படுத்தியது. பிரிட்டனில் அமைச்சர்கள் சிலருக்கு வழங்கும் 'ரைட் ஆனரபிள்' என்ற பட்டத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் வலதுசாரிகள் என்று அதற்குப் பொருள் இல்லை.

மூன்றாவது, சரி. விதியோடு நேராகப் பொருந்தினால் சரியான விடை. அறத்தோடு பொருந்தினால் நியாயமான செயல். தேவையோடு பொருந்தினால் ஏற்ற ஆள், ஏற்ற நேரம். 'கரெக்ட்' என்பது பெரும்பாலும் தகவலோடும் விதியோடும் நின்றுவிடும். 'ரைட்' மனச்சாட்சி வரை போகும். 'த ரைட் திங் டு டூ' என்றால் செய்ய வேண்டிய நியாயமான காரியம். அங்கே 'கரெக்ட்' போட்டால் சம்பிரதாயப்படி நடப்பது என்பதுபோல ஆகிவிடும்.

நான்காவது, உரிமை. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் சட்டம், நீதி, ஒருவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்ற பொருள்களைத் தாங்கியிருந்தது. ஒருவருக்குச் சேர வேண்டியதே அவருடைய உரிமை. 1689-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் 'பில் ஆஃப் ரைட்ஸ்' சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்களும் அதே பெயரில் 1791-இல் நடைமுறைக்கு வந்தன. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தச் சொல்லின் பன்மை வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. உரிமை என்ற பொருளில் மட்டும்தான் 'ரைட்ஸ்' என்று பன்மையில் அடிக்கடி வரும் என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாவது, வலது. இதுதான் கடைசியாக வந்த பெரிய பொருள். பழைய ஆங்கிலத்தில் வலக்கையை 'வலிமை மிக்கது' என்ற பொருள் தரும் வேறொரு சொல்லால் சொன்னார்கள். பெரும்பாலானோருக்கு அந்தக் கைதான் வேலைக்குச் 'சரியான' கை என்பதால், 'ரைட்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'லெஃப்ட்' என்பதன் பழைய பொருள் பலவீனமானது. தமிழிலும் 'வலது', 'வலிமை' இரண்டும் 'வல்' என்ற அடியில் பிறந்தவை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சொல் வரலாறு அநியாயம் செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரெஞ்சு மொழியும் இதே பாதையில் போனது. அங்கே 'துருவா' என்ற ஒரே சொல் நேர், வலது, சட்டம், உரிமை நான்கையும் குறிக்கும். அரசியலில் வலதுசாரி, இடதுசாரி என்ற பிரிவும் பிரான்சில் பிறந்ததுதான். 1789-இல் தேசிய சபையில், அரசருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும், எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள். இருக்கை வரிசை கொள்கையின் பெயராகிவிட்டது.

வினையாக வருவதும் உண்டு. சாய்ந்த படகை நிமிர்த்துவது, நடந்த அநீதியைச் சரிசெய்வது, இரண்டுக்கும் 'ரைட்' என்பதே வினைச்சொல். பேச்சில் 'ரைட்?' என்று முடித்தால் 'இல்லையா?'. தனியாக 'ரைட்' என்றால் நம் 'சரி'.

படி 5: எதிர்ச்சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்

'ராங்' என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்த சொல். அடிப்படைப் பொருள்: முறுக்கிய, கோணிய. துணியை முறுக்கிப் பிழிவதைக் குறிக்கும் 'ரிங்' என்ற வினை அதன் நெருங்கிய உறவு. 'டபிள்யூ, ஆர்' என்று தொடங்கும் பல சொற்களில் இந்த முறுக்கு இருக்கிறது: மணிக்கட்டு, திருகுசாவி, நெளிவது எல்லாம் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். நேர் சரியானது, கோணல் தவறானது.

படி 6: ஒரே ஒலி உள்ள மற்ற மூன்றையும் பிரித்துவையுங்கள்

எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' டபிள்யூவில் தொடங்கும். பழைய பொருள் கீறுதல். சடங்கைக் குறிக்கும் 'ரைட்' ஆர், ஐ, டி, இ. அது இலத்தீன் வழி வந்தது. மூன்றாவது, கைவினைஞர் என்று பொருள்படும் பழஞ்சொல். அது டபிள்யூவில் தொடங்கி ஜி, எச், டியில் முடியும், 'வொர்க்' என்பதன் உறவு.

இந்த மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்பதில் இருப்பது எழுதுவது அல்ல. கப்பலைக் கட்டுபவர் 'ஷிப்ரைட்' என்பதுபோல, நாடகத்தைக் கட்டுபவர் 'பிளேரைட்'. 'காப்பிரைட்' என்பதில் இருப்பதோ நம்முடைய உரிமை. நகலெடுக்கும் உரிமையைச் சட்டமாக்கி, ஆசிரியர்களுக்கு முதலில் அளித்தது 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். விளம்பர வாசகம் எழுதுபவர் 'காப்பிரைட்டர்'. அங்கே வருவது எழுதும் 'ரைட்'. மூன்று சொற்கள், மூன்று வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள்.

படி 7: வாக்கியத்தில் வையுங்கள்

எந்த வினையோடு வருகிறது என்று பாருங்கள். 'ஐ ஆம் ரைட்' என்றால் நான் சொல்வது சரி. 'ஐ ஹேவ் த ரைட்' என்றால் எனக்கு உரிமை உண்டு. முன்னிடைச்சொல்லும் பொருளை மாற்றும். 'ஆன் த ரைட்' வலப்பக்கத்தில். 'இன் த ரைட்' என்றால் நியாயம் அவர் பக்கம்.

'ரைட்' என்பதையே வினையடையாக, வினைக்குப் பின்னால் வைக்கலாம்: 'டூ இட் ரைட்', சரியாகச் செய். 'ரைட்லி' பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்து, செய்தது நியாயமே என்ற நம் கருத்தைச் சொல்லும்: 'ஷி ரைட்லி ரெஃப்யூஸ்ட்', அவர் மறுத்தது நியாயமே.

'ஆல் ரைட்' என்பதை இரண்டு சொல்லாக எழுதுவதே பாதுகாப்பு. ஒட்டி எழுதும் வடிவம் கடிதத்திலும் அரட்டையிலும் பரவிவிட்டது, ஆனால் தேர்விலும் அலுவல் எழுத்திலும் இன்னும் பலர் ஏற்பதில்லை.

இப்போது ஒரு பயிற்சி. 'யூ வேர் ரைட் டு டர்ன் ரைட் ரைட் தேர், அண்ட் நோ ஒன் ஹேஸ் த ரைட் டு ப்ளேம் யூ.' நான்கு 'ரைட்' இருக்கின்றன. முதலாவது 'வேர்' என்ற வினையோடு வருவதால் சரி. இரண்டாவது திரும்புவதோடு வருவதால் வலது. மூன்றாவது 'தேர்' என்ற இடச்சொல்லுக்கு முன்னால் நிற்பதால் நம் ஏகாரம். நான்காவது 'ஹேஸ்' என்பதோடு வருவதால் உரிமை. ஆக: 'நீங்கள் அந்த இடத்திலேயே வலப்பக்கம் திரும்பியது சரிதான், உங்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.' வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு நொடி நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.